இரண்டாவது துளை

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல், கடைசியில் ஃபுளோரிடா என்ற ஒரே மாநிலத்தில் வந்து நின்றது. ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்த அந்த மாநிலத்தில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 537 வாக்குகள். அந்த 537தான் புஷ்ஷை அதிபராக்கியது. மறு எண்ணிக்கை பற்றியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பற்றியும் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்த மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட ஒரு வாக்குச்சீட்டை மட்டும் பார்க்கலாம். யூ.ஐ., யூ.எக்ஸ். என்று மென்பொருள் நிறுவனங்கள் இன்று தேடித்தேடி ஆளெடுக்கும் துறை எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, நான் முதலில் காட்ட விரும்புவது அந்தச் சீட்டைத்தான்.

பாம் பீச் கடலோரப் பகுதி. ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த ஆண்டு அதிபர் பதவிக்குப் பத்து அணிகள் களத்தில் இருந்தன. பத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் எழுத்து பொடியாகிவிடும், வயதானவர்களால் படிக்க முடியாது என்று தேர்தல் அதிகாரி தெரசா லெபோர் கவலைப்பட்டார். நியாயமான கவலை. அதனால் பெயர்களை விரித்த புத்தகம்போல எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டார். இடப்பக்கம் ஆறு அணிகள், வலப்பக்கம் நான்கு அணிகள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் துளைகள். வாக்காளர் தனக்கு வேண்டிய பெயருக்கு நேரான துளைக்குள் ஊசி போன்ற குச்சியால் குத்த வேண்டும். அடியில் இருக்கும் அட்டையில் ஓட்டை விழும். இதற்குப் பின்னாளில் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயர் வந்தது.

இப்போது அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ். அவருக்கு முதல் துளை. அதன் கீழே இரண்டாவது பெயர் அல் கோர். அவருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பாட் புகானனுக்கு. அவர் சீர்திருத்தக் கட்சியின் தீவிர வலதுசாரி வேட்பாளர். சிறு அம்புக்குறிகள் ஒவ்வொரு பெயரிலிருந்தும் அதன் துளையைச் சுட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆங்கிலம் படிக்கும் கண் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும். பட்டியலில் இரண்டாவது ஆளைப் பார்த்துவிட்ட கை, வரிசையில் இரண்டாவது துளையைத் தேடிப் போகும்.

பாம் பீச்சில் புகானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான ஊர் அது. இவற்றில் பெரும்பாலானவை தனக்காகப் போடப்பட்டவையாக இருக்காது என்று புகானனே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஆறு அரசியல் ஆய்வாளர்கள் 2001இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அஞ்சலில் வாக்களித்தவர்களுக்குப் பட்டாம்பூச்சி வடிவச் சீட்டு தரப்படவில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த பிடிமானம். அதே ஊர், அதே வேட்பாளர்கள், சீட்டு மட்டும் வேறு. அஞ்சல் வாக்குகளோடு ஒப்பிட்டால் வாக்குச்சாவடி வாக்குகளில் புகானனின் பங்கு நான்கு மடங்காக இருந்தது. கோருக்குப் போட நினைத்த 2,000 பேருக்கு மேல் தவறி புகானனுக்குப் போட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. 537ஐ இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது போக, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் குத்தப்பட்டதால் செல்லாமல் போன அட்டைகள் அந்தக் கவுண்டியில் மட்டும் 19 ஆயிரத்துக்கும் மேல். கோர், புகானன் இருவருக்கும் குத்தப்பட்டவை அவற்றில் ஐந்தாயிரத்துக்கும் மேல். ஒரு முறை குத்திய பிறகு தவறு உறைத்து, சரியான துளையையும் குத்தி வைத்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

மனிதரும் கருவியும் சந்திக்கும் இடத்தைப் பயனர் இடைமுகம் என்கிறோம், யூ.ஐ. என்பது அதுதான். பாம் பீச்சில் பெயர், அம்புக்குறி, துளை, குச்சி எல்லாம் சேர்ந்தது இடைமுகம். பயனர் அனுபவம், அதாவது யூ.எக்ஸ்., அதைவிட அகலமானது. மாதிரிச் சீட்டு வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கி, வரிசையில் நின்று, குத்திவிட்டு, "நான் நினைத்தவருக்குத்தான் விழுந்ததா?" என்ற சந்தேகத்தோடு வெளியே வருவது வரை எல்லாம் அதில் அடக்கம். உளவியலாளர் டான் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவியின் பெயரிலேயே இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். திரை மட்டும் அழகாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தோடு நிற்க அவர் விரும்பவில்லை. இன்று பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நிறம் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு யூ.எக்ஸ். என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

"படிக்கத் தெரியாமல் குத்தியவர்கள் செய்த தவறு" என்று 2000இல் சொன்னவர்கள் உண்டு. அதே வாதம் இரண்டாம் உலகப் போரிலேயே எழுந்து, அப்போதே விழுந்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. இறக்கை மடலை உள்ளிழுக்க நினைத்த விமானி, சக்கரத்தை உள்ளிழுத்துவிடுவார். விமானியின் பிழை என்று எழுதி முடித்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கர விசையின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துக்கொண்டது. அந்தத் தவறு நின்றது. பயணிகள் விமானங்களில் இந்த விசைகளின் முனை வடிவங்கள் இன்றும் விதிப்படி இப்படித்தான் இருக்க வேண்டும். 1947இல் ஆய்வாளர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகள் சொன்ன 460 தவறுகளை ஆராய்ந்தபோதும் இதையேதான் கண்டார்கள். ஒரே தவறைப் பலரும் செய்தால், அந்தத் தவறின் வேர் கருவியில் இருக்கிறது.

பாம் பீச் சீட்டில் அந்த வேர் எங்கே? வீட்டுச் சுவரில் ஆறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூடத்தின் விளக்குகளும் மின்விசிறிகளும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் சுவிட்சுகள் இருந்தால், புதிதாக வந்த விருந்தாளிகூட முதல் முறையிலேயே சரியானதைத் தட்டுவார். வரிசை கலைந்திருந்தால் பல வருடம் குடியிருந்தவரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கட்டுப்படுத்தும் பொருளும் கட்டுப்படும் பொருளும் இடத்தால் ஒத்துப்போக வேண்டும் என்பது வடிவமைப்பின் பாலபாடம். பட்டாம்பூச்சிச் சீட்டில் பெயர்கள் இரண்டு வரிசை, துளைகள் ஒரு வரிசை. அந்த ஒத்திசைவு அங்கேயே உடைந்துவிட்டது. உடைந்ததை ஒட்டவைக்க அம்புக்குறிகள் வந்தன. பொதுவாக ஒரு பக்கத்தில் அம்புக்குறிகளும் விளக்கக் குறிப்புகளும் பெருகினால், அடியில் ஏதோ இடம் மாறிக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அதோடு அந்த அட்டை வாக்காளருக்குப் பதில் சொல்வதில்லை. குத்திய பிறகு எந்த விளக்கும் எரியாது, எந்தப் பெயரும் தெரியாது. வெளியே எடுத்தால் அட்டையில் இருப்பது எண்ணும் ஓட்டையும்தான். கருவி தரும் இந்தப் பதிலைப் பின்னூட்டம் என்கிறார்கள். பின்னூட்டம் இல்லாத கருவியில் தவறு செய்தவருக்கு, தவறு செய்தோம் என்பதே தெரியாது. ஒரு துளையைக் குத்திய பிறகு இன்னொன்றையும் குத்த முயன்றவரையும் அந்த அட்டை தடுக்கவில்லை. புது அட்டை கேட்டு வாங்கும் உரிமை வாக்காளருக்கு இருந்தது. தவறை உணர்ந்தவர்தானே அதைக் கேட்க முடியும்?

இதை யாரும் முன்னால் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள். மாதிரிச் சீட்டு வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்டது. இரு பெரிய கட்சிக்காரர்களும் பார்த்தார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அதை ஒரு காகிதமாகப் படித்தார்கள். பெயர் சரியா, எழுத்துப்பிழை உண்டா, நம் வேட்பாளர் இருக்கிறாரா என்று சரிபார்த்தார்கள். வாக்காளரோ அதை வைத்து ஒரு செயலைச் செய்ய வேண்டியிருந்தது. பின்னால் வரிசை காத்திருக்க, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாலு வருடத்துக்கு ஒரு முறை பிடிக்கும் குச்சியால் குத்த வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் ஐந்தாறு முதியவர்களை உட்காரவைத்து, "அல் கோருக்குப் போடுங்கள், பார்க்கலாம்" என்று சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் கை தடுமாறுவது கண்ணில் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தத் துறையின் முதுகெலும்பு இந்தச் சோதனைதான். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இந்தத் துறையின் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வாதிட்டார். அந்த எண்ணிக்கை போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவரைக்கூடச் சோதிக்காமல் விடுவதற்கு மட்டும் சமாதானம் கிடையாது.

2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, துளை போடும் அட்டைகளை மாற்ற மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. ஃபுளோரிடாவில் தொடுதிரைகள் வந்தன. 2006இல் அந்த மாநிலத்தின் சரசோட்டா கவுண்டியில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிப் போட்டியில் சுமார் 18 ஆயிரம் பேர் யாருக்குமே வாக்களிக்காமல் அடுத்த திரைக்குப் போய்விட்டார்கள். வெற்றி வித்தியாசம் 369. கருவி பழுதா என்று வழக்கெல்லாம் நடந்தது. திரையின் அமைப்பைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. முதல் திரை முழுவதும் ஒரே ஒரு போட்டி. இரண்டாவது திரையின் உச்சியில் இரண்டே பெயர்களோடு ஒடுங்கிக் கிடந்தது இந்தத் தொகுதிப் போட்டி. அதன் கீழே பளிச்சென்ற வண்ணத் தலைப்போடு ஆளுநர் போட்டி நீண்ட பட்டியலாக இறங்கியது. ஒரு திரைக்கு ஒரு போட்டி என்று முதல் திரையில் பழகிய கண், இரண்டாவதில் நேராக வண்ணத் தலைப்புக்குத் தாவியது. மேலே இருப்பது தலைப்புக்கு முந்தைய ஏதோ ஒன்று என்று அது தள்ளிவிட்டது. அஞ்சலில் காகிதச் சீட்டில் வாக்களித்தவர்களிடம் இந்த விடுபடல் மிகக் குறைவாக இருந்ததும் இதற்கு வலுச்சேர்க்கிறது.

2018இல் மறுபடியும் ஃபுளோரிடா, பிரவர்ட் கவுண்டி. இம்முறை காகிதம். இடது ஓரத்தில் மூன்று மொழிகளில் நீளமான வழிமுறைகள், அவற்றின் அடியில் செனட் போட்டி. வழிமுறைகளைப் படிக்காதவர்கள் அந்தப் பத்தியையே தாண்டிப் போனார்கள். ஆளுநர் போட்டிக்கு வாக்களித்தவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செனட் போட்டியைத் தொடவில்லை. மாநிலம் முழுவதற்குமான வெற்றி வித்தியாசம் 10,033. வழிமுறைக்கு அடியில் போட்டியை வைக்காதீர்கள் என்று தேர்தல் வடிவமைப்புக்கான கூட்டரசு வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தது.

அட்டை, தொடுதிரை, காகிதம் என மூன்று தொழில்நுட்பங்கள். தவறு மட்டும் ஒரே இனம். கருவியைப் புதுப்பித்தால் இடைமுகம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் ஃபுளோரிடாவை ஒரு முறை படிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதே பிரச்சினை வேறு முனையிலிருந்து தொடங்கியது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெயர்ப் பட்டியலை நம்பித் தேர்தல் நடத்த வழியில்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் சின்னம். வாக்காளர் எதையும் எழுத வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். தனக்குப் பிடித்த சின்னத்தின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் முடிந்தது. இதைவிட எளிய இடைமுகத்தைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் செலவும் சுமையும் மலைக்கவைத்தன. சுமார் 25 லட்சம் பெட்டிகள் தேவைப்பட்டன. பிறகு எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டுக்கு வந்தன, கூடவே ரப்பர் முத்திரையும் வந்தது. அந்த முத்திரையின் வடிவத்தைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்: ஒரே திசையில் சுழலும் அம்புக்குறிகள். சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினால், அங்கே அம்புகள் தலைகீழாகச் சுழலும். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுபவர் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். வாக்காளர் தவறாக மடிப்பார் என்று முன்கூட்டியே எண்ணி, அந்தத் தவறால் அவர் வாக்கு வீணாகக் கூடாது என்று யோசித்து உருவாக்கிய வடிவம் அது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் ஒன்று.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஐஐடி பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த ஏ.ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோர் அதன் புறவடிவில் பங்கேற்றார்கள். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்துவிட்டது.

அடுத்த முறை வாக்களிக்கும்போது அந்தக் கருவியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. அந்த ஒரே வரியில் எண், பெயர், படம், சின்னம், சிவப்பு விளக்கு, நீலப் பொத்தான். கண்ணும் விரலும் ஒரே கோட்டில் நேராகப் போகின்றன. அடுத்த வரிக்குத் தாவ வழியில்லை. பட்டாம்பூச்சிச் சீட்டு எதில் தவறியதோ, அதில் இது கச்சிதம். அலுவலர் தன் மேசையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் வாக்குக்கான பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் கருவியில் பச்சை விளக்கு எரியும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் சின்னத்தின் அருகில் சிவப்பு விளக்கு, பிறகு அந்த நீண்ட பீப். பதற்றத்தில் இன்னொரு பொத்தானை அழுத்தினாலும் அது ஏற்காது. இரண்டு பேருக்குக் குத்தியதால் செல்லாத வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேட்பாளர் இல்லாத பொத்தான்களை மறைத்துவிடுகிறார்கள். வாக்காளரிடம் "கவனமாக இருங்கள்" என்று சொல்வதற்குப் பதில், கவனம் சிதறினாலும் வாக்கு கெடாதபடி கருவியைச் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவுடன் ஒப்பிடும்போது ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பதவிக்குத்தான் வாக்களிக்கிறோம். அங்கே அதிபர் முதல் உள்ளூர் நீதிபதி வரை ஒரே சீட்டில் வரிசைகட்டி நிற்பார்கள். நம் இடைமுகத்தின் எளிமையில் ஒரு பங்கு அந்தச் சூழல் கொடுத்தது. வேட்பாளர் எண்ணிக்கை எகிறினால் நமக்கும் திண்டாட்டம்தான். 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்கள்; ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்களிக்கும் கருவிகளைக் கோத்து வைத்தார்கள். வரி ஒழுங்கு ஒவ்வொரு கருவிக்குள்ளும் அப்படியே இருந்தது. ஆனால் தன் சின்னம் எந்தக் கருவியில் என்று தேடுவதே வாக்காளருக்கு ஒரு வேலையானது.

இடைமுகத்தில் இவ்வளவு தேர்ந்த நம் இயந்திரம், அனுபவம் என்ற அகலமான கணக்கில் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது. விளக்கும் பீப்பும் "பதிவாகிவிட்டது" என்று சொல்கின்றன. யாருக்குப் பதிவானது என்று அவை சொல்வதில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வந்தது, இயந்திரத்தோடு இணைத்து வைக்கும் விவிபேட் என்ற அச்சுக் கருவி. 2013இல் நாகாலாந்தின் நொக்சென் இடைத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. வேட்பாளரின் எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். பின்னூட்டத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் சீட்டில் வேறு பெயர் தெரிந்ததாக ஒருவர் சொன்னால் என்ன நடக்கும்? புகார் பொய்யானால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, அவரிடம் எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிய பிறகுதான் சோதனை வாக்குப் போட அனுமதிப்பார்கள். பொய்ப் புகாரால் வாக்குப்பதிவைக் குலைப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்ற காரணம் புரிகிறது. ஏழு விநாடியில், மங்கிய கண்ணோடு பார்த்த ஒரு பாட்டி இந்த எச்சரிக்கையைக் கேட்டதும் "பரவாயில்லைப்பா, விடு" என்று கிளம்பிவிடுவார். பிழையைச் சொல்லும் பாதை எவ்வளவு பயமில்லாமல் இருக்கிறது என்பதும் வடிவமைப்பின் கேள்விதான்.

பார்வையற்ற வாக்காளரின் நிலையில் இது இன்னும் கூர்மையாகிறது. பொத்தான்களின் ஓரத்தில் பிரெயில் எண்கள் இருக்கின்றன. விரலால் தடவி, தன் வேட்பாளரின் எண்ணைக் கண்டுபிடித்து, அவரே அழுத்தலாம். பீப் கேட்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே பீப். விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் வந்து போவதை அவர் அறிய வழியில்லை. துணைக்கு ஒருவரை அழைத்துவர விதியில் இடமுண்டு; அப்படியானால் வாக்கு ரகசியத்தில் இன்னொருவர் பங்காளி. அமெரிக்காவில் அதே 2002 சட்டம், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பார்வையற்றவர் உட்பட மாற்றுத்திறனாளிகள் தனியாகவும் ரகசியமாகவும் வாக்களிக்கக்கூடிய கருவி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. அங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பெயர்களைக் கேட்டு, தேர்ந்தெடுத்ததை மறுபடி கேட்டு உறுதிசெய்துகொள்கிறார்கள். பாம் பீச்சில் சறுக்கிய நாடு இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் இருக்கிறது. நம் இயந்திரத்தின் அடுத்த வடிவத்தைத் திட்டமிடுபவர்கள் விவிபேட் அச்சிடும் பெயரை ஹெட்போனில் சொல்லவைக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சோதிக்க, பார்வையற்ற வாக்காளர்கள் சிலரையே அழைத்து உட்காரவைக்க வேண்டும்.